கஞ்சித் தொட்டியும் கொலைவாளும்



வெள்ளமென்றாலும் தீயென்றாலும் அரிசி மூட்டை சுமக்க முந்தி வரும் தோள்கள் உங்கள் தோள்கள். ஆகவேதான், துயர் துடைக்கும் பணி பற்றி ருவாண்டா எனும் சிறிய ஆப்பிரிக்க நாடு புகட்டிய பெரிய பாடத்தை உங்கள் முன் வைக்க விழைகிறேன்.

1994 ஜனவரி 11. அங்கிருந்த ஐக்கிய நாடுகள் படையின் தளபதி ரோமியோ டாலேர், நியூயார்க்குக்கு அவசரச் செய்தி அனுப்புகிறார். ஆயுதங்கள் பதுக்கப்படுகின்றன, துட்சி மக்களைக் கொன்றொழிக்கத் திட்டம் உருவாகிறது, கைப்பற்றப் போகிறேன் என்கிறார். பதில் என்ன? கூடாது என்பதே பதில்! ஏப்ரலில் கொலை தொடங்கிற்று. படையைப் பெருக்கினரா? 270 பேராகக் குறைக்கத் தீர்மானம் நிறைவேற்றியது பாதுகாப்பு மன்றம்! நூறு நாட்களில் சுமார் 8 லட்சம் உயிர்கள் மாய்ந்தன.

ஜூலையில் காட்சி மாறுகிறது. கொலைகார அரசு வீழ்ந்தது. இலட்சக்கணக்கானோர் எல்லை கடந்து, அன்று ஜைர் என வழங்கிய நாட்டின் கோமா நகரருகே குவிந்தனர். காலரா பரவிற்று. முதல் மாதத்தில் மட்டும் ஏறத்தாழ 50,000 பேர் மாண்டனர். அப்போதுதான் உலகம் விழித்தது! வானூர்திகள் வந்தன, மருத்துவர் வந்தனர், மாவும் மருந்தும் வந்தன. அந்தத் தொண்டர்களை வாழ்த்துகிறோம். ஆனால் முகாமில் ஆணையிட்டவர் யார்? அகதிகளோடு கலந்து வந்த கொலைகாரத் தலைவர்கள்! உணவுப் பங்கீட்டிலும் அவர்கள் கை ஓங்கி நின்றது. ஏழையின் பசிக்கென வந்த மாவு, எத்தனின் அதிகாரத்துக்கு உரமாயிற்று.

டென்மார்க் முன்முயற்சியால் பல நாடுகளும் அமைப்புகளும் கூடி இதனை ஆராய்ந்தன. 1996-இல் வெளிவந்த அறிக்கை, அரசியல் நடவடிக்கை இருக்க வேண்டிய இடத்தை நிவாரணம் நிரப்பாது என்று தீர்ப்பளித்தது. தொண்டு நிறுவனங்களையும் அது விட்டுவைக்கவில்லை. திறமையோடு உழைத்தோர் நடுவே பயிற்சியற்றோரும் இருந்தனர் என்று சுட்டிற்று. விளைவு? 1997-இல் தொடங்கிய ஸ்பியர் திட்டம், ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் நீர் என்பது போன்ற அளவுகோல்களை வகுத்தது.

தோழர்களே! கஞ்சி வார்ப்பது கருணை. கையேந்த வைத்தவன் யார் எனக் கேட்பது அரசியல். கருணை வேண்டும், அது கேள்வியை விழுங்கிவிடக் கூடாது. மூட்டையை இறக்கி வைத்ததும் வீடு திரும்பிவிடாதீர்கள். யார் பங்கிட்டார், யாருக்குச் சேர்ந்தது, ஏன் தேவைப்பட்டது என்று கேளுங்கள். விடை நமக்கே கசப்பாக இருந்தாலும் எழுதி வையுங்கள். கொடுத்தோம் என்ற களிப்பில் உறங்கினால், தடுத்திருக்கக் கூடிய அடுத்த சாவுக்கு நாமும் பொறுப்பாளிகள்!