பன்னிரண்டு படக் காமிரா



உங்கள் பாட்டனார் காலத்துத் தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தால், நிலப் பத்திரத்துக்கும் ஜாதகக் கட்டுக்கும் இடையே கறுப்பு நிறமான சிறிய காமிரா ஒன்று சில வீடுகளில் அகப்படும். அதன் முகப்பில் ‘அக்ஃபா கிளிக் 3’ என்ற பெயர் இருக்கும். அந்த எளிய கருவியைப் பற்றியும், அது விட்டுச் சென்ற ஒரு செல்வத்தைப் பற்றியும் இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

‘கிளிக்’ என்னும் காமிரா வரிசை 1958-ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் தோன்றியது. அதன் மூன்றாம் வகையை நம் நாட்டில், பரோடா நகரிலிருந்த நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் என்னும் நிறுவனம் செய்து விற்றது. எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்கு வந்தபோது, குறைந்த ஊதியக்காரரும் எண்ணிப் பார்க்கக்கூடிய காமிரா அதுவாகத்தான் இருந்தது. ஸ்டூடியோக்காரர்கள் அதை ‘டப்பா காமிரா’ என்று சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்! ஸ்டூடியோவின் படியை ஒருநாளும் மிதிக்காத எத்தனையோ பேருடைய முகம் அந்த டப்பாவினால்தான் இன்று நமக்குத் தெரிகிறது.

எண்ணம் பழையதுதான். அமெரிக்கரான ஜார்ஜ் ஈஸ்ட்மனின் கோடக் நிறுவனம் 1900-ஆம் ஆண்டிலேயே ‘பிரவுனி’ என்ற பெட்டிக் காமிராவை ஒரு டாலர் விலைக்கு விற்றது. படம் எடுப்பவர் தீர்மானிக்க வேண்டியவற்றில் பெரும்பகுதியைத் தொழிற்சாலையே தீர்மானித்து விட்டால், கருவி மலிவாகும், கற்றுக்கொள்வதும் எளிதாகும். கிளிக் 3 இந்த வழியில் வந்தது. அதில் தூரத்துக்கு ஏற்ப லென்ஸைத் திருகும் வேலை இல்லை. ஒளியை உள்ளே விடும் கதவு திறந்து மூடும் வேகமும் ஒன்றே. வெயிலா, மேகமா என்பதை மட்டும் நாம் ஒரு விசையை நகர்த்திக் கருவிக்குத் தெரிவிக்க வேண்டும்.

இவ்வளவு குறைவான உறுப்புக்களைக் கொண்டு தெளிவான படம் எவ்வாறு விழுந்தது? ஒளி புகும் துவாரம் சிறிதாக இருந்தால், அண்மையிலுள்ள பொருளும் சேய்மையிலுள்ள பொருளும் ஏறத்தாழ ஒரே தெளிவோடு பதியும். ஆகையால் பத்தடிக்கு அப்பால் நிற்கும் மனிதரும், அவருக்குப் பின்னால் தெரியும் மலையும் ஒருங்கே அமைந்தார்கள். இன்னொரு நுட்பம் எனக்கு மிகவும் பிடித்தமானது. மலிவான ஒற்றை லென்ஸ் தரும் பிம்பம் சமதளமாக அமையாது. கிண்ணத்தின் உட்புறம்போல் வளைந்து விழும். இதைத் திருத்த விலையுயர்ந்த லென்ஸ்கள் பல வேண்டும். அதற்குப் பதிலாகப் பிலிமையே சற்று வளைவான பாதையில் ஓடவிட்டார்கள்! குறையை நீக்கப் பணம் இல்லாதபோது, குறைக்கு ஏற்றபடி வீட்டை அமைத்துக்கொள்ளும் இல்லத்தரசியின் புத்தி இது.

பிலிம் 120 என்ற எண்ணுடைய சுருள். 1901-ஆம் ஆண்டில் தோன்றிய அந்த அளவு இன்றும் உலகில் தயாரிக்கப்படுகிறது. சுருளுக்குப் பின்னே ஒட்டிவரும் காகிதத்தில் எண்கள் அச்சிட்டிருக்கும். காமிராவின் முதுகிலுள்ள சிவப்புக் கண்ணாடிச் சன்னல் வழியே அவற்றைப் பார்த்துக்கொண்டே திருக வேண்டும். ஆறு சென்டிமீட்டர்ச் சதுரத்தில் பன்னிரண்டு படங்கள், அவ்வளவே. ஆகவே ஒரு திருவிழாவுக்குப் போனால் தேருக்கு இரண்டு, குடும்பத்துக்கு மூன்று என்று மனத்துக்குள் பங்கீடு நடக்கும். விசையை அழுத்துமுன் மூச்சை அடக்கிக்கொள்வோம். கை அசைந்தால் படம் கலங்கிவிடும்.

சூரியன் படம் எடுப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும் என்று விளக்கத்தாளில் போட்டிருப்பார்கள். குளிர்நாட்டுக்கு அது பொருந்தும். பழனிக்கு அடுத்த எங்கள் தொப்பம்பட்டிச் சமவெளியில் உச்சி வெயிலுக்கு முகம் காட்டச் சொன்னால், எல்லோரும் கண்ணை இடுக்கிக்கொண்டு கோபக்காரர்களாகத் தோன்றுவார்கள். காலை ஒன்பது மணிக்கு முன்னர், வேப்பமரத்து நிழலின் ஓரத்தில் நிறுத்துவதே என் வழக்கம்.

பிலிமைப் பற்றிப் பேசும்போது நம் மாநிலத்தைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. 1960-இல் மத்திய அரசின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் உதகமண்டலத்தில் நிறுவப்பட்டு, 1967-இல் உற்பத்தி தொடங்கியது. பிலிமின்மேல் வெள்ளி உப்புக் கலந்த ஜெலட்டினைப் பூசும்போது ஒரு தூசு விழுந்தாலும் கேடு. குளிர்ந்த, தூய மலைக்காற்று அதற்கு உகந்தது. ‘இந்து’ என்ற பெயரில் அங்கிருந்து கறுப்பு-வெள்ளைச் சுருள்கள் நாடெங்கும் சென்றன. வண்ணப் பிலிமும், பின்னர் டிஜிட்டல் காமிராவும் வந்தபின் அந்த ஆலை நலிந்து மூடப்பட்டது. தொழிலாளர் குடியிருந்த இந்து நகர் என்ற பெயர் உதகையில் நிலைத்திருக்கிறது.

ஆலை மூடியதற்காக இன்று நான் வருந்தவரவில்லை. வேறொரு இழப்பு உங்கள் வீட்டிலேயே நடந்துகொண்டிருக்கலாம்.

சென்ற ஆண்டு எங்கள் ஊர்க் கல்லூரி மாணவி ஒருத்தி கசங்கிய காகித உறை ஒன்றைக் கொண்டுவந்தாள். பழைய ஓட்டு வீட்டை இடிக்கிறார்கள்; குப்பையோடு போக இருந்ததை எடுத்து வந்திருக்கிறாள்.

“ஐயா, இது கெட்டுப்போன பிலிம்தானே? முகமெல்லாம் கறுப்பாகவும் தலைமயிர் வெள்ளையாகவும் இருக்கிறதே” என்றாள்.

“கெடவில்லை, அம்மா. இதுதான் மூலம். உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பது இதன் நகல்” என்றேன்.

ஒளி மிகுதியாகப் பட்ட இடத்தில் வெள்ளி கறுத்துத் தங்குகிறது, பகல் இரவாகிறது. அதன் வழியே மீண்டும் ஒளியைக் காகிதத்தில் பாய்ச்சும்போது இரவு பகலாகிறது. அவர்கள் வீட்டுச் சுவரிலிருந்த அவளுடைய தாத்தாவின் படமோ மஞ்சள் பூத்து, மூக்கும் கண்ணும் கரைந்துபோயிருந்தது. ஹைப்போ என்னும் உப்பைக் காகிதத்திலிருந்து போதிய நீரில் கழுவி நீக்காவிட்டால் நாளடைவில் இவ்வாறு நேரும். நெகட்டிவில் அந்தக் கேடு இல்லை.

அவளுடைய கைப்பேசித் திரையை வெண்மையாக்கி, மேலே ஒரு வெள்ளைக் கண்ணாடித் துண்டைச் சற்று உயர்த்தி வைத்து, அதன்மேல் நெகட்டிவைப் பளபளப்பான பக்கம் மேலே தெரியும்படி வைத்தோம். என் கைப்பேசியால் அதைப் படமெடுத்து, நிறங்களை எதிர்மறையாக்கினோம். கிணற்று மேட்டில், ஒரு காளையின் திமிலில் கை வைத்தபடி இளைஞர் ஒருவர் நின்றார்.

பாட்டியிடம் காட்டினோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “இது நம்ம செவலையல்லவா?” என்று முதலில் காளையைத்தான் கண்டுகொண்டார். பிறகு ஒன்றும் பேசவில்லை. கைப்பேசியைத் திருப்பித் தரவும் இல்லை.

உங்கள் வீட்டிலும் இத்தகைய உறைகள் இருந்தால் முதலில் பெரியவர்களை அருகில் அமர்த்திக்கொண்டு, படத்தில் உள்ளவர் யார், இடம் எது, ஏறத்தாழ எந்த ஆண்டு என்று கேட்டு, பென்சிலால் வேறு காகித உறையில் எழுதுங்கள். எழுதி முடித்தபிறகு நெகட்டிவை அதில் இடுங்கள். ஓரத்தை மட்டும் பிடியுங்கள். விரல் ரேகை அழியாது. ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. சுருளிலிருந்து காடி நெடி வீசினால், பிலிமின் அசிடேட் அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து, முதலில் அதைப் படியெடுங்கள்.