எல்லை குறுகிய நகரம்

கணினித் திரையிலே நகரம் அமைக்கும் விளையாட்டுகளுள் முதன்மையானது சிம்சிற்றி என்பது. அமெரிக்கரான வில் றைற் இதனை ஆக்கி 1989 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதற்குமுன், குண்டு வீசும் விளையாட்டொன்றுக்காகத் தீவுகளை வரைந்துகொண்டிருந்த அவருக்கு, அவற்றை அழிப்பதிலும் அமைப்பதே இன்பம் தருவதாகத் தோன்றிற்று. அத்தோற்றத்தின் பயனே சிம்சிற்றி.

இதில் ஆடுபவர் நகரபிதாவின் இடத்தில் அமர்கிறார். வீதி போடுகிறார், குடியிருப்புக்கும் வாணிபத்துக்கும் கைத்தொழிலுக்கும் காணியை வகுக்கிறார், வரி அறவிடுகிறார். வீடுகளை மட்டும் அவர் கட்டுவதில்லை. வசதியைக் கண்ட மக்கள் தாமே வந்து கட்டிக்கொள்வர்; வசதி குன்றினால் விட்டு நீங்குவர். காணியோ முதலாவது விளையாட்டிலேயே அளந்து கொடுக்கப்பட்டது. ஒரு பக்கம் 120 கட்டங்கள், மறு பக்கம் 100 கட்டங்கள். குடியிருப்புத் துண்டு ஒவ்வொன்றும் ஒன்பது கட்டங்களை விழுங்கும். விமான நிலையம் வேண்டின் முப்பத்தாறு கட்டங்கள் போய்விடும். ஆகவே, நகரபிதாவுக்குப் பணமுடை தீர்ந்த பின்னரும் நிலமுடை தீர்வதில்லை.

இந்த நிலமுடையை எவ்வளவு தூரம் வென்றுவிடலாம் என்பதை ஒருவர் கடைசி வரை சென்று பார்த்தார். பிலிப்பைன்ஸ் நாட்டில் கட்டடக்கலை பயின்ற வின்சென்ற் ஒகாஸ்லா என்ற இளைஞர், 1999 ஆம் ஆண்டில் வந்த சிம்சிற்றி 3000 என்னும் பதிப்பிலே, கட்டத்தாளில் கணக்கிட்டுக் கணக்கிட்டு மக்னசாந்தி என்றொரு நகரை அமைத்து, 2010 ஆம் ஆண்டில் அதன் படத்தை உலகுக்குக் காட்டினார். ஏறத்தாழ அறுபது இலட்சம் மக்கள் அதில் வாழ்ந்தனர். வீதிகூட வீண் இடமென்று ஒதுக்கப்பட்டது. நிலத்தடிப் புகையிரதமே போக்குவரத்து. வேலைத்தலமும் வீடும் நடந்து செல்லும் தூரத்துக்குள் அடங்கின. பொலிஸ் நிலையங்களுக்கு இடம் இருந்தது. பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் இடம் இருக்கவில்லை. காற்று நஞ்சாயிற்று, மக்கள் ஐம்பது வயதைத் தாண்டுவது அரிதாயிற்று. ஆயினும் கலகம் செய்தாரில்லை. ஒகாஸ்லா இதனைப் பெருமைக்காகச் செய்தவரல்லர். எண்ணிக்கை ஒன்றையே குறியாகக் கொண்ட நகர்த் திட்டம் எங்கே போய் முடியும் என்பதைக் காட்டவே செய்தார். அந்நகரை நல்ல நகரென்று அவரே சொல்லவில்லை. விளையாட்டின் விதிகளோ அதனை வெற்றியென்று ஏற்றுக்கொண்டன.

2013 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வந்த புதிய சிம்சிற்றி, நிலத்தை முன்னிலும் சுருக்கிற்று. ஒரு நகருக்குக் கிடைத்தது பக்கத்துக்கு இரண்டு கிலோமீற்றர் அளவான சதுரம் மட்டுமே. எல்லைக்கு அப்பால் வெட்ட வெளி கிடப்பது கண்ணுக்குத் தெரியும்; அங்கே ஒரு கல்லும் வைக்க இயலாது. ஆட்டக்காரர் பலர் சினந்தனர். சினம் நியாயமானதே. எனினும் விளையாட்டின் நுட்பம் முழுவதும் அந்தச் சதுரத்துக்குள்ளேதான் விளங்கியது என்பதையும் மறுத்தல் கூடாது.

முதலில் வீதியைக் கவனிக்கலாம். இவ்விளையாட்டில் வீதியின் தரமே கட்டடத்தின் உயரத்தை விதிக்கிறது. சிறு வீதியோரத்தில் சிறு வீடுதான் எழும். அடுக்குமாடி எழ வேண்டுமாயின் அதற்கேற்ற வீதி வேண்டும். ஒடுங்கிய வீதியை அதே அகலத்துக்குள் தரமுயர்த்தலாம். அகன்ற பெருந்தெருவாக மாற்ற முடியாது. மாற்றுவதாயின் இருமருங்கும் எழுந்த வீடுகளை இடித்தே தீரவேண்டும். இரு வீதிகளுக்கு இடையே விடும் தூரமும் அப்படியே. இன்று நெருக்கி வரைந்தால் நாளை பெரிய கட்டடம் நிற்க ஆழமான காணி இராது. பத்துக் குடும்பங்கள் வந்திருக்கும் வேளையில், பதினாயிரம் குடும்பங்களுக்கான தெருவை வரைய வேண்டியிருக்கிறது. அத்தெருவுக்கான பணமோ பத்துக் குடும்பங்களின் வரியிலிருந்தே வரவேண்டும்! பெரும்பாலான நகரங்கள் சறுக்கி விழுவது இவ்விடத்திலேதான்.

பொதுக் கட்டடங்களின் நிலை இன்னும் சிக்கலானது. பாடசாலையைக் கட்டிய பின்னர், மாணவர் பெருகப் பெருக வகுப்பறைகளைப் பக்கத்தில் ஒட்டிச் சேர்க்கலாம். தீயணைப்பு நிலையத்துக்கு வண்டிக் கொட்டில்களையும் அவ்வாறே சேர்க்கலாம். ஆனால் பக்கத்தில் வெறுங்காணி இருந்தால்தான் அது கைகூடும். தேர்ந்த ஆட்டக்காரர் பாடசாலையைச் சுற்றி நிலத்தைச் சும்மா விட்டு வைப்பர். பார்ப்பவருக்கு அது வீண் நிலமாகத் தோன்றும். வரி தராத கட்டடம், அதைச் சுற்றி வரி தராத வெளி என்று கணக்குப் பார்த்து அதனையும் விற்றுவிடத் தூண்டும் நேரம் ஒவ்வொரு நகரபிதாவுக்கும் வருகிறது. அந்தக் கணக்குக்கு விடை வேறோர் இடத்திலே வருகிறது. இடம் குறைந்த நகருக்கு அணுமின் நிலையம் பெரும் வாய்ப்பு. சிறு நிலத்தில் மிகுந்த மின்சாரம். அதனை நடத்தும் தொழிலாளர் கல்வியறிவு குன்றியவராயின் உலை உருகிப் போகும். உருகிய பின்னர் சுற்றியுள்ள மண் கதிர்வீச்சுற்றுக் குடியிருக்கத் தகாததாகிவிடும். பாடசாலைக்கென்று விட மறுத்த நிலத்தைப் போலப் பன்மடங்கு நிலம் அவ்வாறு கைநழுவும்.

தண்ணீரும் நிலத்தோடு கட்டுண்டது. தொழிற்சாலையோ கழிவுநீர் வாயோ அழுக்காக்கிய மண்ணிலிருந்து நீர் இறைத்தால் ஊரே நோயுறும். காற்று எத்திசையில் வீசுகிறது என்று பார்த்து ஒரு மூலையைத் தொழிற்சாலைக்குக் கொடுத்து, எதிர்மூலையை நீருக்கு விடவேண்டும். இருப்பதோ நான்கே மூலைகள்.

எல்லாவற்றுக்கும் இடமில்லாமையால் அயல் நகரை நாட வேண்டியதாகிறது. ஒரு நகரம் மின்சாரம் விற்க, இன்னொன்று தண்ணீர் விற்க, வேறொன்று வேலையாட்களை அனுப்பும். இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அயல் நகரை ஆள்பவர் முன்பின் அறியாத வேறோர் ஆட்டக்காரராக இருக்கலாம். அவர் அலுத்துப்போய்த் தமது நகரைக் கைவிட்டாலோ, மின்சாரம் அவருக்கே போதாமற் போனாலோ, பக்கத்து நகரில் விளக்கணையும்.

குறை முழுவதும் நிலத்தின் மேலதன்று. அந்நகர மக்களுக்கு நிலையான வீடோ வேலையோ இல்லை. காலையில் அருகிலுள்ள வெற்று வேலையிடத்துக்குப் போவர். மாலையில் அருகிலுள்ள வெற்று வீட்டுக்குத் திரும்புவர். எல்லாரும் ஒரே வீதியில் திரண்டு நிற்பர். பெருஞ்சாலையுடன் நகரை இணைக்கும் ஒரே வாயிலில் தீயணைப்பு வண்டியும் அகப்பட்டு நிற்கும். இது கணக்கு எழுதியவர்களின் குறை. காணி இன்னும் அகன்றிருந்தாலும் இது தீர்ந்திராது.

ஆட்டக்காரர் விடாமற் கேட்டதன் பேரில், மக்ஸிஸ் நிறுவனம் பெரிய நிலத்தைச் சோதித்துப் பார்த்தது. பலருடைய கணினிகள் அச்சுமையைத் தாங்கமாட்டா என்று கூறி, 2013 ஒக்ரோபரில் அம்முயற்சியைக் கைவிட்டது. 2015 மார்ச்சில் எமரிவில் நகரிலிருந்த அதன் பணிமனை மூடப்பட்டது. அதே மாதத்தில், பின்லாந்து நாட்டிலிருந்து சிற்றீஸ் ஸ்கைலைன்ஸ் என்ற விளையாட்டு வந்தது. அதிலும் தொடக்கத்தில் கிடைப்பது ஏறக்குறைய அதே இரண்டு கிலோமீற்றர்ச் சதுரந்தான். ஆனால் நகரம் வளர வளர மேலும் எட்டுச் சதுரங்களை விலைக்கு வாங்கலாம். ஆட்டக்காரர் மகிழ்ந்து வாங்கினர். ஒன்பது சதுரங்களையும் வாங்கியவர்களின் நகரங்களிலும், பெருஞ்சாலையிலிருந்து ஊருக்குள் இறங்கும் முதற் சந்தியிலே, பத்துக் குடும்பங்களுக்கென்று அன்று போட்ட வீதியிலே, வண்டிகள் நிரையாக நின்றன.