இலாபம் ஓரிடம், இழப்பு வேறிடம்

பூவுலகை வருத்தும் பெரும் சுற்றாடல் சிக்கல்களை ஆராய, தலைநகர மண்டபம் எதையும் நாடாமல், வாகரைக்குத் தெற்கே வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள பனிச்சங்கேணியில் கூடியிருக்கிறோம். இது ஊருக்குச் செய்த மரியாதை என்று சிலர் எண்ணக்கூடும். ஆய்வுமுறைப்படியும் இதுவே தகுந்த இடம் என்பதுதான் என் தலைமையுரையின் சாரம். உலகளாவிய சுற்றாடல் சிக்கல்கள் பல பெயர்களில் வந்தாலும் அவற்றின் வேர் ஒன்று: இலாபம் பெறுவோர் ஓரிடத்திலும் இழப்பைச் சுமப்போர் வேறிடத்திலும் இருக்கிறார்கள். இழப்பைச் சுமக்கும் இடத்திலிருந்து கணக்கு எழுதப்படாத வரையில் எந்தத் தீர்வும் நிலைக்காது.

முதலில் உலக நிலையைச் சுருக்கமாகப் பார்ப்போம். தொழிற்புரட்சிக்கு முன் வளிமண்டலத்தின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முந்திய நிலையைவிட உலகச் சராசரி வெப்பநிலை 1.5 பாகைக்கு மேல் உயர்ந்த முதலாவது ஆண்டாக 2024 பதிவாயிற்று. ஏறத்தாழ பத்து இலட்சம் உயிரினங்கள் அழிவை நோக்கியிருப்பதாக உயிர்ப்பல்வகைமைக்கான பன்னாட்டு அறிவியல் மன்றம் 2019இல் எச்சரித்தது. ஆண்டுதோறும் 40 கோடித் தொன்னுக்கு மேல் பிளாஸ்டிக் உற்பத்தியாகிறது. இதுவரை உற்பத்தியானதில் பத்திலொரு பங்குகூட மீள்சுழற்சிக்கு உள்ளாகவில்லை. பூமியின் நிலைபேற்றைக் காக்கும் ஒன்பது எல்லைகளில் ஆறு மீறப்பட்டுவிட்டன என்று 2023இல் வெளியான ஆய்வொன்று கூறியது. காலநிலையை ஒரு துறை ஆராய்கிறது, உயிரினத்தை வேறொரு துறை, கழிவை மற்றொன்று. துறைகள் பிரிந்திருப்பதால் இந்த எண்களும் பிரிந்தே நிற்கின்றன. இங்கே, இந்தக் கரையில், அவை ஒரே குடும்பத்தின் மீது ஒரே காலத்தில் வந்து விழுகின்றன.

காலநிலையை எடுத்துக்கொள்வோம். இலங்கையர் ஒருவர் சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு தொன் காபனீரொட்சைட்டுக்கே காரணமாகிறார்; அமெரிக்கர் ஒருவருக்கு அது 14 தொன் அளவில் இருக்கிறது. ஆனால் 1900க்குப் பின் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயர்ந்த கடல், யார் எவ்வளவு எரித்தார்கள் என்று பார்த்து உயரவில்லை. 1998இல் இந்து சமுத்திரம் கொதித்தபோது இலங்கையின் முருகைக்கற்பாறைகளில் பெரும்பகுதி வெளிறிச் செத்தது, பாசிக்குடாவும் தப்பவில்லை. இவ்வூருக்குத் தெற்கே காயங்கேணியில் எஞ்சியிருக்கும் முருகைக்கற்கள் ஒவ்வொரு வெப்ப அலையிலும் அதே ஆபத்தை எதிர்கொள்கின்றன. முருகைக்கல் செத்தால் மீன் குறைகிறது, அலையின் வேகம் கூடுகிறது, கரை அரிக்கிறது. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியை முதியோர் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் நாடு முழுவதையும் உலுக்கியது. ஒரு தனிப் புயலின் முழுப் பழியையும் வெப்பமாதலின் மீது சுமத்துவது அறிவியலாகாது. ஆனால் சூடான கடல் புயலுக்கு அதிக நீராவியை ஊட்டுகிறது, அது கூடுதல் மழையாக இறங்குகிறது என்பதில் ஐயமில்லை. 2022இல் எகிப்தில் கூடிய காலநிலை மாநாடு இழப்புக்கும் சேதத்துக்குமான நிதியத்தை ஏற்றுக்கொண்டது. இலாபம் பெற்றோருக்கு இழப்பில் பங்குண்டு என்னும் நியாயத்தை உலகம் மிகத் தாமதமாக ஒப்புக்கொண்ட நிகழ்வு அது.

மாசும் இதே வழியில்தான் வருகிறது. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் ஜூன் 2ஆம் திகதி மூழ்கத் தொடங்கியது. அதிலிருந்த ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் குருணை மேற்குக் கரை நெடுகிலும் ஒதுங்கிற்று, ஆமைகளும் மீன்களும் செத்துக் கரையேறின, மீன்பிடி தடைப்பட்டது. அந்தக் குருணையால் இலாபம் பெற இருந்த எவரும் அக்கரையில் வாழவில்லை. நான்கு ஆண்டுகள் சென்று, 2025 ஜூலையில், உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்தும்படி உத்தரவிட்டது. அத்தகைய தீர்ப்பு ஆவேசத்தால் கிடைப்பதில்லை. செத்த ஆமைகளை எண்ணியவர்களும், நீரைச் சோதித்தவர்களும், தொழிலிழந்த நாட்களைக் குறித்தவர்களும் இருந்தால்தான் வழக்குக்கு உடல் உண்டாகிறது.

நம் கரைக்கு வருவோம். புத்தளம், சிலாபம் பகுதிகளில் 1980களில் இறால் பண்ணைகள் பெருகின. கண்டற்காடும் உவர்நிலமும் குளங்களாக வெட்டப்பட்டன. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியது. பின்னும் அது திரும்பித் திரும்பி வந்தது. ஒரு பண்ணை கழித்த நீரையே அடுத்த பண்ணை உள்ளெடுத்ததால் நோய் நிற்கவில்லை. முதலீட்டாளர் பலர் விலகிப் போயினர். கைவிடப்பட்ட குளங்களும் இழந்த கண்டலும் களப்போரத்து மக்களுக்கு மிஞ்சின. வாகரைப் பகுதியில் இறால் பண்ணைத் திட்டத்துக்கும் இல்மனைற் அகழ்வுக்கும் மக்கள் எதிர்ப்புத் தெரிவிக்கும்போது, அவர்களை முன்னேற்றத்தின் பகைவர் என்று ஏசுவோர் புத்தளத்தை ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். இல்மனைற்றிலிருந்து பெறப்படும் வெண்ணிறமி எங்கோ ஒரு நாட்டின் சுவருக்குப் பூச்சாகிறது. மணல்மேட்டுக்கு அடியில் மிதக்கும் நன்னீரை நம்பியே இங்குள்ள கிணறுகள் இருக்கின்றன. காட்டையும் வாவியையும் நம்பித் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் வாகரைப் பகுதிக் கரையோர வேடர்களுக்கு இந்த இழப்பு இன்னும் கடியது. அவர்களுக்கு வேறொரு வாவி கிடையாது.

இலாபநோக்கு இல்லாத நற்செயலும் இந்தப் பிழைக்குத் தப்புவதில்லை என்பதை நாம் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சுனாமிக்குப் பின் இலங்கையில் கண்டல் நடுகை பெரும் இயக்கமாயிற்று. 2017இல் வெளியான ஆய்வு 23 இடங்களில் 1,000 முதல் 1,200 ஹெக்டயர் வரையான நடுகையைச் சோதித்தது. வெற்றிபெற்றது 200 முதல் 220 ஹெக்டயர் மட்டுமே. ஒன்பது இடங்களில் ஒரு செடிகூட மிஞ்சவில்லை. பொருந்தாத இடத்தில், பொருந்தாத இனத்தை நட்டு, பராமரிக்காமல் விட்டதே காரணம். நட்ட கன்றுகளின் தொகை அறிக்கையில் ஏறியது; பிழைத்த கன்றுகளை எண்ண நட்டவர் பலர் திரும்பி வரவில்லை. கிழக்குக் கரைக் கிணறுகளிலும் இதுவே நடந்தது. சுனாமியால் உப்பேறிய கிணறுகளைத் துப்புரவாக்கத் திரும்பத் திரும்ப நீர் இறைக்கப்பட்டது. பின்னர் அளந்து பார்த்தபோது, உப்பைத் தணித்தது பருவமழையே என்று தெரிந்தது. 2021இல் இரசாயன உர இறக்குமதிக்கு ஒரே வீச்சில் தடை விதிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்த பெரும்போகத்தில் நெல் விளைச்சல் வீழ்ந்து விவசாயி கடன்பட்டான். மண்ணைக் காக்க வேண்டும் என்ற நோக்கம் நல்லதுதான். மண்ணில் நிற்பவனைக் கேளாமல் எடுத்த முடிவு அந்த நோக்கத்துக்கே கெட்ட பெயர் தேடித் தந்தது.

இழப்பவர் பக்கத்திலிருந்து கணக்கு எழுத வேண்டும் என்பதற்கு மறுப்புகள் உண்டு. முதலாவது, வறிய நாடு முதலில் வளர வேண்டும், சூழலைப் பிறகு பார்க்கலாம் என்பது. வறுமையின் கொடுமையை இந்த அவைக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் யாருடைய வளர்ச்சி, எத்தனை ஆண்டுக்கு என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. எப்பாவல பொஸ்பேற்றுப் படிவை 30 ஆண்டுகளில் தோண்டி விற்கும் திட்டத்தை எதிர்த்து அங்குள்ள மக்கள் வழக்காடினர். முறையான ஆய்வும் சுற்றாடல் தாக்க மதிப்பீடும் முடியும் முன் ஒப்பந்தம் செய்யலாகாது என்று 2000இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. இயற்கை வளத்துக்கு அரசு உரிமையாளன் என்பதைவிடப் பொறுப்பாளன் என்ற கருத்து அத்தீர்ப்பால் வலுப்பெற்றது. எப்பாவலயின் பொஸ்பேற்று இன்றும் மண்ணில் இருக்கிறது. நாடு அதை விவேகத்தோடு பயன்படுத்தும் வாய்ப்பும் இருக்கிறது. பாதுகாத்தல் வளர்ச்சியை அழிக்கவில்லை, அதைத் தலைமுறைகளுக்கு நீட்டித்தது.

இரண்டாவது மறுப்பு கூர்மையானது. வாவியைக் கெடுப்பவர்கள் உள்ளூர் மக்களே அல்லவா? தடைசெய்யப்பட்ட தங்கூசி வலையும் சிறுகண் வலையும் போடுவதும், கண்டலை விறகுக்கு வெட்டுவதும், குப்பையை வாவிக்கரையில் கொட்டுவதும் யார்? இது உண்மை, மறைப்பதால் எவர்க்கும் நன்மை இல்லை. ஆனால் எந்தச் சூழ்நிலையில் மக்கள் தம் வளத்தைத் தாமே அழிக்கிறார்கள் என்பதே ஆய்வாளர் கேட்க வேண்டிய கேள்வி. பொதுவளத்தைப் பயன்படுத்துவோர் விதி வகுக்கவும் அதைக் காவல் செய்யவும் உரிமை பெற்றால் வளம் நிலைக்கும் என்று பல நாட்டுச் சான்றுகளால் நிறுவிய எலினோர் ஒஸ்ற்றம் 2009இல் நோபல் பரிசு பெற்றார். அவர் எடுத்தாண்ட உதாரணங்களுள் ஒன்று நமக்குப் பக்கத்திலுள்ள கல்லோயா. 1980களின் தொடக்கத்தில் அங்கே விவசாயிகள் வாய்க்கால்தோறும் குழுக்களாகச் சேர்ந்தனர். தலைமடைக்காரர் நீரை மிச்சம்பிடித்துக் கடைமடைக்கு விட்டனர். பொறியியலாளரை மட்டும் நம்பியிருந்த காலத்தில் தீராத சண்டை, பயன்படுத்துவோரின் கைக்குப் பொறுப்பு வந்ததும் தணிந்தது. நாளை தன் வாவி தனக்கு இருக்கும் என்ற உறுதி இல்லாதவன் இன்றே அள்ளத்தான் செய்வான். போரும் இடப்பெயர்வும் சுனாமியும் இம்மக்களிடமிருந்து பறித்தது அந்த உறுதியையே.

மூன்றாவது மறுப்பு, இத்தனை சிறிய ஊர் எழுதும் கணக்கால் உலகம் மாறுமா என்பது. அறிவியலின் வரலாறு இதற்கு விடை சொல்கிறது. அந்தாட்டிக்காவின் ஹாலி என்னும் சிறு நிலையத்தில் 1957 முதல் சலிக்காமல் ஓசோனை அளந்துவந்தார்கள். அந்த நீண்ட பதிவிலிருந்துதான் 1985இல் ஓசோன் படையின் ஓட்டை உலகத்துக்குத் தெரியவந்தது. 1987இல் மொன்றியல் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. வறிய நாடுகள் மாற்றுப்பொருளுக்கு மாறுவதற்கான செலவை வசதியுள்ள நாடுகள் ஏற்கும் நிதியமும் அதனோடு சேர்ந்தது. இன்று ஓசோன் படை மெல்லத் தேறிவருகிறது. இலாபமும் இழப்பும் ஒரே மேசைக்கு வந்த இடத்தில் பூமி குணமாகத் தொடங்கியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958இல் தொடங்கிய அளவீடு இல்லையேல், காபனீரொட்சைட்டின் ஏற்றத்தை நாம் இன்னும் விவாதித்துக்கொண்டிருப்போம். ஓரிடத்தில் நிலைத்து நின்று அளப்பவரே உலகை நம்பவைத்திருக்கிறார்கள்.

ஆகவே இந்த ஆய்வரங்கின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். பனிச்சங்கேணி வாவியில் உப்புச்செறிவு, நீர்மட்டம், முகத்துவாரம் திறந்து மூடும் நாட்கள், மீன், இறால், நண்டின் விளைவு, கண்டலின் பரப்பு ஆகியவற்றை ஆண்டுக்கணக்கில் இடைவிடாது பதியும் ஏற்பாட்டை, வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அறிவும் இவ்வூர் மீனவரின் அறிவும் சேர்ந்து தொடங்க வேண்டும். அப்பதிவில் மீனவர் தகவல் தருவோராக மட்டும் நில்லாமல் ஆசிரியராகவும் இடம்பெற வேண்டும். தேசிய சுற்றாடல் சட்டம் தாக்க மதிப்பீட்டறிக்கை மீது கருத்துக்கூறப் பொதுமக்களுக்குத் தரும் அவகாசம் 30 நாட்கள்; அந்த 30 நாட்களுக்குள் மக்கள் வாதிட வேண்டுமானால், கணக்குகள் அதற்கு முன்பே தெளிந்த தமிழில் அவர்கள் கையில் இருக்க வேண்டும். இங்கே வாசிக்கப்படும் கட்டுரைகள் ஆங்கில இதழ்களோடு நின்றுவிடாமல் வாகரைப் பாடசாலைகளுக்கும் கடற்றொழிலாளர் சங்கங்களுக்கும் போய்ச் சேரட்டும். இழப்பவர் எழுதும் கணக்கை எந்த அரசும் எந்த நிறுவனமும் நெடுங்காலம் தள்ளிவைக்க முடியாது. அதை எழுதும் கடமை இந்த அவைக்கு உண்டு. இன்றே தொடங்குங்கள் என்று கேட்டு, ஆய்வரங்கைத் தொடக்கிவைக்கிறேன்.