ரொட்டி சுற்றும் தாளும் நம்ம பிள்ளைகளின் யோசனையும்

(தோட்ட இளைஞர், யுவதிகள் ஒன்றுகூடலில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



ஞாயிற்றுக்கிழமையில் துணி துவைக்கிற வேலை, விறகு வேலை எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நீட்டிப் பேச மாட்டேன். நம்ம தோட்டத்துப் பிள்ளைகள் ஏழு பேர் கூடி ஒரு காரியம் செய்து வருகிறார்கள். அதில் ஒருவர் கொழும்பில் அச்சகத்தில் வேலை செய்கிற தம்பி, நன்றாகப் படம் கீறுவார். ஒருவர் ஆடைத் தொழிற்சாலையில் தைத்துப் பழகிய தங்கச்சி. இரண்டு பேர் தப்பு அடிக்கிறவர்கள். மற்றவர்கள் படிக்கிற பிள்ளைகள். அவர்கள் என்ன செய்தார்கள், எங்கே தடுக்கி விழுந்தார்கள் என்று சொல்லத்தான் வந்தேன்.

போன மழைக்குப் பணிய லயத்தில் தண்ணி ஏறியது உங்களுக்குத் தெரியும். நான்கு காம்பராவில் படுக்கப் பாய் இல்லை. இரவு பதினொரு மணிக்கு டோர்ச் பிடித்துக்கொண்டு லயத்துக்குப் பின்னால் கானை வெட்டிவிட்டோம். மம்பட்டியில் மண் வரவில்லை, பொலித்தீன்தான் வந்தது. அடுத்த நாள் இந்தப் பிள்ளைகள் அதைச் சாக்கில் அள்ளிக் கழுவி, பிரட்டுக்களத்தில் பரப்பி, வகை வகையாகப் பிரித்தார்கள். பிஸ்கட் தாள், ஷாம்பூ பக்கெட், குழந்தைக்குக் கட்டுகிற பம்பர்ஸ் எல்லாம் இருந்தன. எல்லாவற்றையும்விட அதிகம் லஞ்ச் ஷீட். காலையில் ரொட்டி சுற்றிக்கொண்டு மலைக்குப் போகிறோமே, அந்தத் தாள்.

2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியது. அந்த வருசம் செப்டெம்பரில் லஞ்ச் ஷீட்டுக்கும் சிலுசிலு பைக்கும் ரெஜிபோம் பெட்டிக்கும் தடை வந்தது. தடை வந்ததே தவிர கடையில் தாள் நிற்கவில்லை. இப்போது ‘மக்கும்’ என்று அச்சடித்து விற்கிறார்கள். அது எப்படி மக்குகிறது என்று தெரிய வேண்டுமானால் நம்ம கானை வந்து பாருங்கள்!

படம் கீறுகிற தம்பி முதலில் ஒரு போஸ்டர் செய்தார். கூடை போட்ட ஒரு அம்மா தேயிலைச் செடிக்குள் தாளை வீசுவது போல. கீழே பெரிய எழுத்தில் ‘பொலித்தீன் பாவிக்காதீர்’. பிள்ளை மடுவத்துச் சுவரில் ஒட்டினார்கள். மறுநாள் அதைக் காணோம். கிழித்தது யார் என்று நான் தேடவில்லை. ஆனால் மேற்பிரிவு அக்கா ஒருவர் என்னிடமே கேட்டார்: “ஐயா, பெட்டியில கொண்டு போகச் சொல்றீங்க. மலையில கழுவத் தண்ணி எங்க? கொழுந்து நிறுக்க ஓடுவேனா, பெட்டிய தூக்கிக்கிட்டு நிப்பேனா? கிலோ குறைஞ்சா அரைப்பேர் போடுறது எனக்கா, அந்தப் போஸ்டர் பொடியனுக்கா?”

நியாயமான கேள்வி. இந்தப் பிள்ளைகளில் எனக்குப் பிடித்தது, அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. அன்று பின்னேரமே அந்த அக்காவையும் இன்னும் நாலைந்து பேரையும் மடுவத்துப் படியில் உட்கார வைத்து, என்ன வேண்டும் என்று கேட்டு எழுதினார்கள். பாரம் இருக்கக் கூடாது. மழையில் நனையக் கூடாது. கழுவாமல் மடித்து வைக்க வேண்டும். இடுப்பில் படங்கோடு சேர்த்துக் கட்ட வேண்டும்.

தையல் தங்கச்சி முதலில் பழைய சேலைத் துணியில் ஒரு பை தைத்தார். மழை பெய்த அன்று ரொட்டி கஞ்சியாகிவிட்டது. வெயிலடித்த அன்று எறும்பு. சிரிக்காதீர்கள், நானும் அந்த ரொட்டியைத் தின்றவன். அப்புறம் உடைந்த குடைத் துணியை வெளியே வைத்து, சேலைத் துணியை உள்ளே வைத்துத் தைத்தார். உள்துணியைத் தனியாகக் கழற்றி வீட்டில் துவைக்கலாம். நாடா இரண்டு முறை மாறியது. இப்போது மேற்பிரிவில் பாதிப் பேருக்கு மேல் அந்தப் பையோடுதான் போகிறார்கள். இரண்டு பேர் திரும்பத் தாளுக்குப் போய்விட்டார்கள், கறி ஒழுகுகிறதாம். அதற்கும் வழி பார்க்கிறார்கள்.

நாடகத்தையும் சொல்ல வேண்டும். காமன் கூத்தில் பொலித்தீன் அரக்கனைக் கொண்டு வரலாம் என்று தப்புக்காரத் தம்பிகள் நினைத்தார்கள். கூத்து மாஸ்டர் ஒரே பேச்சில் மறுத்துவிட்டார். “அது நேத்திக்கடன், அதுல கைவைக்காதீங்க. தப்பை வேணும்னா எடுத்துக்கங்க” என்றார். அதனால் தனி நாடகமாக, வேலை விட்ட பிறகு பிரட்டுக்களத்தில் போட்டார்கள். ஷாம்பூ பக்கெட் மாலை போட்ட கோமாளி வந்தான். பொலித்தீனைக் கொளுத்தி அடுப்பு மூட்டுகிற அம்மாயி வந்தார். புகையில் பேரன் இருமினான். மறுநாள் நிசமான லயத்திலேயே பிள்ளைகள் அம்மாயியின் கையிலிருந்து தாளைப் பறித்திருக்கிறார்கள். “மிலாறு ஈரமா கெடக்கு, நீ வந்து ஊதுறியா?” என்று ஏச்சும் வாங்கியிருக்கிறார்கள். இப்போது யூக்கலிப்டஸ் பட்டையைப் பொறுக்கிக் காயவைத்து அடுப்புக்குப் பக்கத்தில் போடுவது அந்தப் பிள்ளைகளின் வேலை. காற்றுப் போகாத குசினியில் அந்தப் புகையை மூச்சு இழுக்கிறவர்களில் கைப்பிள்ளையும் உண்டு.

நாடகம் முடிந்ததும் ஒரு அண்ணன் எழுந்து, “எங்கள மட்டும் திருத்துறீங்களே, குப்பை அள்ள ஒரு ட்ரக்டர் லயத்துக்கு வந்திருக்கா?” என்று கேட்டார். நான் வாயடைத்துப் போனேன். பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் வேலை செய்யச் சட்டம் நீண்ட காலம் தடையாக இருந்தது. 2018இல் அதைத் திருத்தினார்கள். திருத்திய பிறகும் நம்ம லயத்துக்கு வண்டி வரவில்லை. பிள்ளைகள் கழுவிப் பிரித்த குப்பையின் படத்தோடு கடிதம் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் பதில் இல்லை. வரும் மாதம் நானும் கூடப் போகிறேன்.

மடுவத்துச் சுவரில் இப்போது இருக்கிற படத்தைப் போகும்போது பாருங்கள். நம்ம கானில் தொடங்கி, கெசல்கமுவ ஓயா, காசல்ரி நீர்த்தேக்கம், அப்படியே களனி கங்கை, கடைசியில் அம்பத்தலே. அங்கே எடுக்கிற தண்ணிதான் கொழும்புக் குழாய்களில் வருகிறது. படத்தின் மூலையில் ஒரு சின்ன அறையில் ஒரு பொடியன் கிளாசில் தண்ணி குடிக்கிறான். அது கீறிய தம்பிதான். அம்மா மலையில் போட்ட தாள் மகன் குடிக்கிற ஆற்றுக்குத்தான் போகிறது என்று அவர் யாருக்கும் எழுதிக் காட்டவில்லை. அவருடைய அம்மா பார்த்துவிட்டுச் சும்மா நின்றார்.

இனி வேலைக்கு வருவோம். உடைந்த குடை வீட்டில் இருந்தால் மடுவத்தில் கொடுங்கள். கம்பி வேண்டாம், துணி போதும். நூல், நாடாச் செலவை நம்ம நிதியம் பார்க்கும். மருந்து, உரம் வந்த சாக்கை மாத்திரம் தைக்கக் கொண்டு வராதீர்கள், சாப்பாட்டுக்கு ஆகாது. தைக்கத் தெரிந்த யுவதிகள் சனிக்கிழமை பின்னேரம் வந்தால் நல்லது, தங்கச்சி ஒருவரே எத்தனை பை தைப்பார்? பணிய லயத்துக் கானை அடுத்த ஞாயிறு காலை எட்டு மணிக்கு வெட்டுகிறோம். வீட்டுக்கு ஒருவர் மம்பட்டியோடு வாருங்கள். தேத்தண்ணி என் பொறுப்பு.