கிரிப்டோவுக்குத் தடை வந்தால் இழப்பு யாருக்கு?

(ஹைதராபாத் மௌலா அலியில் ரயில்வே, தொழிற்பேட்டைத் தோழர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் தமிழ் வடிவம்.)



கிரிப்டோ நாணயத்தை அரசு ஒரே ஆணையில் தடை செய்துவிட்டால் தொல்லை தீர்ந்துவிடும் என்ற கருத்து தொழிலாளர்களிடையே உண்டு. அக்கருத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பங்குகளையும் அரசுக் கடன் பத்திரங்களையும் மார்க்ஸ் ‘கற்பனை மூலதனம்’ என்று வகைப்படுத்தினார். அவை வருங்கால வருவாயின் மீதான உரிமைச் சீட்டுகள். பிட்காயினுக்கோ அந்த உரிமைகூட இல்லை. அதற்குப் பின்னால் ஆலை இல்லை, வட்டி இல்லை, வரி வசூலிக்கும் அரசு இல்லை. அடுத்து வருபவர் கூடுதல் விலை கொடுத்தால் மட்டுமே முன்னவருக்கு இலாபம். எனவே தடை நல்லதா கெட்டதா என்பதோடு கேள்வி நின்றுவிடக்கூடாது. தடை எந்த வடிவில் வரும், அதன் சுமை எந்த வர்க்கத்தின் தோளில் இறங்கும் என்பதைப் பார்க்க வேண்டும்.

இந்தியா கண்ட அரைத் தடை

2018 ஏப்ரல் 6 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. கிரிப்டோ வணிகத்தில் ஈடுபடுவோருக்கு வங்கிகள் சேவை வழங்கக் கூடாது. ஏற்கெனவே உள்ள உறவுகளை மூன்று மாதங்களுக்குள் துண்டித்துக்கொள்ள வேண்டும். நாணயத்தை வைத்திருப்பது குற்றமாக்கப்படவில்லை. ரூபாய்க்கும் அதற்கும் இடையிலான பாலம் மட்டும் உடைக்கப்பட்டது. சில பரிமாற்றத் தளங்கள் கடையைக் கட்டின. வணிகம் ஒழியவில்லை, முகம் தெரியாத இருவர் நேருக்கு நேர் பேசி முடிக்கும் பேரமாக மாறியது. ஏமாந்தவருக்கு முறையிட ஓர் அலுவலகமும் இல்லாமல் போயிற்று.

2020 மார்ச் 4 அன்று உச்சநீதிமன்றம் அச்சுற்றறிக்கையை இரத்து செய்தது. ரிசர்வ் வங்கியின் அதிகாரத்தை நீதிமன்றம் மறுக்கவில்லை. நாடாளுமன்றம் தடைச் சட்டம் எதுவும் இயற்றாத நிலையில், வங்கிகளுக்கு நேர்ந்த தீங்கு எதையும் காட்டாமல், ஒரு தொழிலின் உயிர்நாடியை அறுப்பது அளவுக்கு மீறிய நடவடிக்கை என்பதே தீர்ப்பின் சாரம்.

இதற்கிடையே, 2019இல் அரசுக் குழு ஒன்று பரிந்துரைத்த வரைவு மசோதா, கிரிப்டோ வைத்திருப்பதற்கே 10 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை முன்மொழிந்தது. அது சட்டமாகவில்லை. 2022இல் ஒன்றிய அரசு வேறு வழிக்குத் திரும்பியது: ஆதாயத்திற்கு 30 சதவீத வரி, விற்பனைத் தொகையில் 1 சதவீதம் முன்பிடித்தம். ஒரு நாணயத்தில் 20,000 ரூபாய் இலாபமும் மற்றொன்றில் 20,000 ரூபாய் நட்டமும் கண்ட ஊழியரின் கையில் மிஞ்சுவது எதுவுமில்லை. ஆயினும் நட்டத்தைக் கழிக்க அனுமதி இல்லாததால் அவர் 6,000 ரூபாயும் அதன்மேல் செஸ்ஸும் கட்ட வேண்டும். அரசு சூதாட்டத்தை நிறுத்தவில்லை. அதில் பங்கு கேட்டது.

வெளிநாடுகளில் நடந்தது

சீனா 2021 செப்டம்பரில் எல்லா கிரிப்டோ பரிவர்த்தனைகளையும் சட்டவிரோதம் என அறிவித்தது. அதற்கு முன்பே சுரங்கக் கணினிகள் மீது நடவடிக்கை தொடங்கிவிட்டது. அவற்றில் பல கஜகஸ்தானுக்கும் அமெரிக்காவுக்கும் இடம்பெயர்ந்தன. கஜகஸ்தானின் மின் தட்டுப்பாடு கடுமையானது. நைஜீரிய மத்திய வங்கி 2021 பிப்ரவரியில் வங்கிகளைத் தடுத்தது. நாட்டு நாணயத்தின் மதிப்பு சரிந்துகொண்டிருந்த சூழலில் மக்கள் நேரடிப் பேரத்துக்குப் போயினர். 2023 டிசம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டது. மூலதனத்திற்கு எல்லை தாண்டக் கால் உண்டு. சேமிப்பைப் போட்ட தொழிலாளிக்கு அது இல்லை.

நம் நாட்டில் முழுத் தடை வந்தாலும் இதுவே வரிசை. செய்தியை முன்கூட்டியே மோப்பம் பிடிக்கும் பெரும்புள்ளிகள் முதலில் விற்பர், விலை சரியும், தளங்கள் பணம் எடுப்பதை நிறுத்தும், கடைசியில் நிற்பவர் சிறு சேமிப்பாளர். தடை இல்லாத காலத்திலேயே, 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் தளத்திலிருந்து ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள நாணயங்கள் திருடப்பட்டபோது, வாடிக்கையாளர்களின் கணக்குகள் முடங்கின. 2016 நவம்பர் 8 இரவு அறிவிக்கப்பட்ட பணமதிப்பிழப்பில் வரிசையில் நின்றவர்கள் யார் என்பதும் மறக்கக்கூடியதல்ல.

தடையோடு வேண்டுவன

சட்டம் மட்டும் போதாது என்பதற்கு உள்நாட்டிலேயே சான்று உண்டு. பரிசுச் சீட்டு, பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 1978இலேயே வந்தது. ஆயினும் 2013இல் மேற்கு வங்கத்தில் சாரதா நிறுவனம் சரிந்தபோது இலட்சக்கணக்கான ஏழைகள் சேமிப்பை இழந்தனர். சேமிக்க நம்பகமான இடமும் அவசரத்திற்குக் கடனும் கிடைக்காத வரை, ஒரு முகவர் போனால் மற்றொருவர் வருவார். மௌலா அலி, நாச்சாரம், சர்லபல்லி தொழிற்பேட்டைகளின் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இது பொருந்தும். கேரளத்தில் 1969 முதல் அரசு நிறுவனமே சீட்டு நடத்துவது இதற்கு ஒரு மாற்று வழியைக் காட்டுகிறது.

ஆகவே தடையை ஆதரிக்கும்போதே சில நிபந்தனைகளை வலியுறுத்த வேண்டும். வெளியேறப் போதிய கால அவகாசம் தரப்பட வேண்டும். தளங்களின் சொத்திலிருந்து சிறு சேமிப்பாளருக்கு முதலில் பணம் திரும்ப வேண்டும். தண்டனை தளங்களை நடத்துவோருக்கும் ஆள் சேர்த்துக் கமிஷன் பெறுவோருக்குமே தவிர, ஏமாந்து வாங்கியவருக்கு அல்ல. தடையைச் சாக்காக்கி, 2022 டிசம்பரில் சில்லறைப் பயன்பாட்டுக்குச் சோதனையாக வந்த டிஜிட்டல் ரூபாயை மக்களின் ஒவ்வொரு செலவையும் கண்காணிக்கும் கருவியாக்கவும் விடக் கூடாது.

இவை நாடாளுமன்றத்தில் எழுப்ப வேண்டியவை. கிளைகள் இன்றே செய்யக்கூடிய வேலையும் உண்டு: சேமநிதியை எடுத்துக் காயின் வாங்கப் புறப்படும் சக தொழிலாளியைச் சம்பள நாளுக்கு முன்பே சந்தித்து, கணக்குப் போட்டுக் காட்டுவது.