நேட்டால் 1913: வேலைக்குப் போகாதவர்கள்

அறப்போர் ஆய்வில் தலை நரைத்தவர்கள் முன்வரிசையில் வீற்றிருக்கும் அவையில் தலைமை இருக்கை பெருமையும் தரும், நடுக்கமும் தரும். அநீதிக்கு எதிரான வன்முறையற்ற எதிர்ப்பு என்பது மாநாட்டின் பொருள். தண்டியும் வைக்கமும் வேதாரண்யமும் இந்த அவை அறிந்தவை. இந்த உரை 1913இன் தென்னாப்பிரிக்க நேட்டாலிலேயே நிற்கப்போகிறது.

நேட்டாலின் 3 பவுன் வரி 1895ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்த இந்தியத் தொழிலாளி ஊர் திரும்ப வேண்டும், அல்லது மறுபடி ஒப்பந்தத்தில் கைநாட்டு வைக்க வேண்டும். இரண்டுக்கும் இணங்காதவர் ஆண்டுதோறும் 3 பவுன் கட்ட வேண்டும். ஒப்பந்தத்தின் முதல் ஆண்டில் மாதச் சம்பளம் 10 ஷில்லிங். அந்தக் கணக்கில் வரி, ஆறு மாதச் சம்பளம். பெண்களுக்கும் அதே தொகைதான்.

இந்த வரிக்கு எதிராக டர்பனில் விடாமல் எழுதியவர் பி.எஸ். ஐயர். அவர் 1908இல் தொடங்கிய ‘ஆப்பிரிக்கன் க்ரானிக்கிள்’ தமிழிலும் ஆங்கிலத்திலும் வந்தது. 1911இல் வரி எதிர்ப்புச் சங்கம் கண்டவரும் அவரே. காந்தியோடு கடுமையாக முரண்பட்டார். நம் ஆய்வுகளில் அடிக்குறிப்பாகச் சுருங்கிப்போனார். நாம் திரும்பத் திரும்பப் புரட்டுவது காந்தியின் ‘தென்னாப்பிரிக்காவில் சத்தியாக்கிரகம்’. அரிய நூல்தான். ஆனால் சம்பவங்கள் நடந்து பத்தாண்டு கழித்து, எரவாடா சிறையில், பெரும்பாலும் நினைவை நம்பி அவர் எழுதத் தொடங்கியது அது. அதை அன்றாடக் குறிப்பேடு போலக் கையாளும் பழக்கத்தை மூத்த நண்பர்கள் சிலர் இன்னும் விடவில்லை. அவர்கள் பொறுத்தருள வேண்டும்.

காந்தியை விமர்சிக்கும் எதிரணியோடும் வழக்கு உண்டு. காந்தியின் இயக்கம் நெடுங்காலம் வணிகர் நலனைச் சார்ந்தே நின்றது என்று மோரீன் ஸ்வானின் 1985ஆம் ஆண்டு நூல் வாதிட்டது. எளிதில் தள்ளிவிட முடியாத வாதம். அதைப் படித்துவிட்டு, 1913இல் இந்த வரிக்கு எதிராக எழுந்த வேலைநிறுத்தம் வெறும் வயிற்றுப்பாட்டுக் கொந்தளிப்பு என்று முடித்துவிடுபவர்களை ஏற்க இயலாது. டிரான்ஸ்வாலிலிருந்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய், வேலையை நிறுத்துங்கள் என்று சொன்னவர்கள் தமிழ்ப் பெண்கள். சிலரது இடுப்பில் கைக்குழந்தை. அக்டோபரில் கைதாகி, மூன்று மாதக் கடுங்காவல் பெற்றார்கள். நவம்பர் 6இல் 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் டிரான்ஸ்வால் எல்லை நோக்கி நடந்தார்கள். சிறையில் நோயுற்று வெளிவந்த வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22இல் இறந்தபோது அவருக்கு வயது 16. தெரிந்தே சிறைக்குப் போனவர்கள் இவர்கள்.

காந்திக்கு நவம்பர் 11இல் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் சிறையில் இருந்தபோதும் கடற்கரைக் கரும்புத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது. அங்கே தடியும் வெட்டுக்கத்தியும் எழுந்த இடங்கள் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். ஆயினும் அரசை அசைத்தது, ஆயிரக்கணக்கானோர் வேலைக்குப் போக மறுத்ததே. கரும்பும் நிலக்கரியும் நின்றால் நேட்டால் நிற்கும் என்பதைத் தொழிலாளர் அறிந்திருந்தார்கள். 1914இன் இந்தியர் நிவாரணச் சட்டம் வரியை ஒழித்தது.

இந்த வெற்றியை ஒரு தலைவரின் தவவலிமையாக மட்டும் எழுதுவது வேலையை நிறுத்தியவர்களுக்கு நாம் இழைக்கும் அநீதி. நேட்டாலுக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளரில் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்துக்காரர்கள். இங்கே கட்டுரை படிக்க வந்திருக்கும் இளைய ஆய்வாளர்கள் ஐயரின் இதழை, ஆங்கிலப் பக்கங்களோடு நிறுத்தாமல், தமிழ்ப் பத்திகளையும் வரிவரியாகப் படிக்க வேண்டும். தமிழ் படித்தவர்கள் செய்ய வேண்டிய வேலை இது. அடுத்த மாநாட்டுக்குள் தொடங்கிவிடுங்கள்.