எச்சரிக்கைச் சொல்லும் தமிழும்



மொழிபெயர்ப்பு என்றவுடன் காவியங்களும் நாவல்களுமே நினைவுக்கு வருகின்றன. ஒரு சொல் பிழைபட்டால் ஓர் உயிரே போகக்கூடிய மொழிபெயர்ப்பும் உண்டு. எச்சரிக்கை வாசகங்களின் மொழிபெயர்ப்பே அது.

கோவையில் 1888ஆம் ஆண்டு நூற்பாலை எழுந்தது. 1932இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையம் ஆலைகளுக்கும் தோட்டத்துக் கிணறுகளுக்கும் மின்சாரம் தந்தது. பின்னர்ப் பருத்திக் காடுகளுக்குப் பூச்சிக்கொல்லி வந்தது. இவை ஒவ்வொன்றோடும் ஆங்கில எச்சரிக்கைகளும் வந்து சேர்ந்தன.

பூச்சிக்கொல்லிப் புட்டியையே எடுத்துக்கொள்ளலாம். 1971ஆம் ஆண்டு விதிகளின்படி அதன் சீட்டில் நஞ்சின் கடுமையைக் காட்டும் நிறம் இருத்தல் வேண்டும். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் 'பாய்சன்', நீலத்திற்கு 'டேஞ்சர்', பச்சைக்குக் 'காஷன்' என்பன ஆங்கிலச் சொற்கள். இவற்றை நஞ்சு, அபாயம், கவனம் என்று படிமுறை பிறழாமல் தமிழாக்கலாம். மூன்றையும் 'எச்சரிக்கை' என்ற ஒரே சொல்லால் குறித்துவிட்டால் சிவப்புக்கும் பச்சைக்கும் சொல்லளவில் வேறுபாடு இல்லாது போகும். உழவர் நாவிலோ அந்தப் புட்டியின் பெயர் 'மருந்து'. காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, செடிக்கு அடிப்பதும் மருந்து! ஆகவே 'நஞ்சு' என்னும் சொல் அங்கே பெரிய எழுத்தில் நின்றே ஆகவேண்டும்.

சொல்லைவிட நுட்பமானது தொடரமைப்பு. ஆங்கிலத்தில் 'டோன்ட்' என்னும் விலக்கு முதலிலேயே வந்துவிடும். தமிழில் எதிர்மறை இறுதியில்தான் வரும். 'கையுறை அணியாமல், காற்று வீசும் திசைக்கு எதிராக நின்று மருந்து தெளிக்க வேண்டாம்' என்ற தொடரை எழுத்துக்கூட்டிப் படிப்பவர் பாதியில் நிறுத்தினால், செய்யக்கூடாததே மனத்தில் தங்கும். 'கையுறை அணிக. காற்று வீசும் திசையிலேயே தெளிக்க' என்று உடன்பாட்டில் சொன்னால் அந்த இடர் இல்லை. எதிர்மறை தவிர்க்க முடியாத இடத்தில் 'தொடாதே' என்பதுபோல ஒரே சொல்லாக நிற்பது நன்று.

இந்த வழியைக் கொங்கு நாட்டுப் பேச்சு முன்பே அறிந்திருக்கிறது. ஊருக்குப் புறப்படுபவரிடம் 'விழுந்துவிடாதீர்கள்' என்று எவரும் சொல்வதில்லை. 'பாத்துப் போங்க', 'பதனமாப் போயிட்டு வாங்க' என்கிறார்கள். செய்ய வேண்டியதைச் சொல்வதே அந்த வழி. அதில் அச்சுறுத்தல் இல்லை, அக்கறை இருக்கிறது. ஆங்கிலத்தார் விடைபெறும்போது சொல்லும் 'டேக் கேர்' என்பதற்கும் 'பதனம்' என்ற ஒரு சொல் போதும்.

திருவள்ளுவர் பொச்சாவாமைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். மறவாமையை அறமாகப் போற்றிய மொழிக்கு எச்சரிக்கை வாசகம் எழுதும் வலிமை இல்லாமற் போகாது. அகராதியைப் புரட்டுவதோடு நில்லாமல், வாசகத்தை அச்சேற்றுமுன் ஓர் உழவரிடமும் ஓர் ஆலைத் தொழிலாளியிடமும் படிக்கக் கொடுத்துக் கேட்கவேண்டும். அவர்கள் தயங்கும் இடமே திருத்தவேண்டிய இடம். காவியத்தில் நேரும் பிழையை அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம்; நஞ்சுப் புட்டியில் நேரும் பிழைக்கு அந்த வாய்ப்பு இல்லை.